துணை அதிபர் வேட்பாளரால் ஒரு மாநிலத்தையாவது வென்று தர முடியுமா?

கேள்வி:
2024 அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ், பென்சில்வேனிய ஆளுநர் ஷபிரோவை விட்டுவிட்டு மினசோட்டா ஆளுநர் வால்ஸைத் துணை அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்ததால்தான் தோற்றார் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அங்கே அதிபரை முடிவு செய்வது மாநிலங்களின் தேர்வாளர்கள் போடும் வாக்குகள்; பெரும்பாலும் ஒரு மாநிலத்தில் வென்றவருக்கே அதன் தேர்வாளர் வாக்குகள் எல்லாம் போகும். பென்சில்வேனியாவுக்கு 19 தேர்வாளர் வாக்குகள். மினசோட்டாவுக்கு 10தான், அதுவும் 1976 முதல் ஜனநாயகக் கட்சியைக் கைவிடாத மாநிலம். துணை அதிபர் வேட்பாளர் சொந்த மாநிலத்தை உண்மையிலேயே வென்று தருவாரா? கணக்கோடு தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

மறுமொழி 1:
2024 கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஹாரிஸ் 226, டிரம்ப் 312. 226உடன் 19 சேர்த்தால் 245. வெல்லத் தேவை 270. மிச்சிகனின் 15, விஸ்கான்சினின் 10 இரண்டும் கூடவே வந்திருந்தால்தான் சரியாக 270 ஆகும். பென்சில்வேனிய ஆளுநரை நிறுத்தியதற்காக மிச்சிகன்காரர் ஏன் மனம் மாறப்போகிறார்?

பழைய கதைகளும் இப்படித்தான். 1988இல் டெக்சஸ் செனட்டர் பென்ட்சன் நின்றார், டெக்சஸ் கைவிட்டுப் போனது. 2004இல் எட்வர்ட்ஸ், வட கரோலினா போனது. 2012இல் பால் ரயன், விஸ்கான்சின் போனது. 2016இல் டிம் கெய்ன் நின்றபோது வர்ஜீனியா கிடைத்தது உண்மை. ஆனால் 2008, 2012 இரண்டிலும் ஒபாமா ஏற்கெனவே வென்ற மாநிலம் அது. அந்தப் பெருமையைக் கெய்ன் கணக்கில் எழுத முடியாது.

மறுமொழி 2:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் 1960ஐ விட்டுவிடக் கூடாது. 1952, 1956 இரண்டு முறையும் டெக்சஸ் குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்குப் போயிருந்தது. டெக்சஸ் செனட்டர் லிண்டன் ஜான்சனைச் சேர்த்துக்கொண்ட ஜனநாயகக் கட்சியின் கென்னடி அதைச் சுமார் 46,000 வாக்குகளில் மீட்டார். மாசசூசெட்ஸைச் சேர்ந்த கத்தோலிக்கர் ஒருவருக்குத் தென்மாநிலங்களில் ஆதரவு தேடுவது லேசான வேலையல்ல. ஜான்சன் ரயிலேறி ஊர் ஊராக நிறுத்திப் பேசியது அதற்காகத்தான்.

இதிலும் எண்ணைக் கவனிக்க வேண்டும். கென்னடி பெற்றது 303. டெக்சஸின் 24ஐக் கழித்தாலும் 279. அன்று பெரும்பான்மைக்கு 269 போதும். டெக்சஸோடு இல்லினாயின் 27ம் போயிருந்தால்தான் 252க்கு இறங்கி, பெரும்பான்மை கைநழுவியிருக்கும். ஆகவே ‘ஜான்சன் ஒருவரே வெல்ல வைத்தார்’ என்பது மிகை. தெற்கு மொத்தமாகக் கழன்றுவிடாமல் பிடித்து வைத்தார் என்பதே பொருத்தம்.

மறுமொழி 3:
மாநிலம் என்றதும் பலர் மறக்கும் விதி ஒன்று: அதிபர் வேட்பாளர், துணை அதிபர் வேட்பாளர் இருவருமே ஒரே மாநிலத்தவராக இருந்தால், அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் இருவருக்கும் வாக்களிக்க முடியாது. அரசியலமைப்பின் 12ஆவது திருத்தம் சொல்வது இது. 2000இல் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் டெக்சஸ்காரர். அவருடைய துணை அதிபர் வேட்பாளர் டிக் செனியும் அப்போது டெக்சஸில்தான் வசித்தார். அறிவிப்புக்குச் சில நாள் முன்பு செனி தன் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். அந்த அணி பெற்றது 271. டெக்சஸின் 32 வாக்குகள் செனிக்குக் கிடைக்காமல் போயிருந்தால் அவருக்கு 239தான். துணை அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு செனட்டிடம் போயிருக்கும்.

வயோமிங்குக்கு மொத்தமே 3 வாக்குகள், அதுவும் எப்படியும் குடியரசுக் கட்சிக்கே விழுபவை. ஆக, செனியை எடுத்தது மாநிலத்துக்காக இல்லவே இல்லை.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் எதற்காகத்தான் எடுக்கிறார்கள்?

மறுமொழி 1 எழுதியவர்:
அதிபர் வேட்பாளர் மேல் இருக்கும் சந்தேகத்தைத் தீர்க்க. வாக்காளர் துணை அதிபருக்காக ஓட்டுப் போடுவதில்லை. அவரைத் தேர்ந்தெடுத்தவருக்கு நிதானம் இருக்கிறதா என்று பார்க்கிறார். 2008இல் ஒபாமா செனட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகூட ஆகவில்லை. 1973 முதல் செனட்டில் இருந்த, வெளியுறவுக் குழுத் தலைவரான பைடன் பக்கத்தில் நின்றதும் ‘அனுபவம் போதாது’ என்ற பேச்சின் கூர்மை குறைந்தது. எதிரணியில் 72 வயது மெக்கெய்ன், ஆளுநராகி இரண்டு ஆண்டுகூட நிறையாத சேரா பேலினை நிறுத்தினார். அனுபவம் என்பதுதான் மெக்கெய்னின் முதன்மை வாதம். அதைத் தன் கையாலேயே பலவீனமாக்கிக்கொண்டார்.

இரண்டாவது, சொந்தக் கட்சிக்குள் முறைத்துக்கொண்டு நிற்பவர்களை இழுத்து வருவது. 2016இல் டிரம்பை நம்பத் தயங்கிய பழமைவாதக் கிறிஸ்தவர்களுக்கு மைக் பென்ஸ் ஓர் உத்தரவாதம். 1980இல் ரேகன், கட்சிக்குள் தன்னோடு மோதிய மிதவாதி மூத்த புஷ்ஷைச் சேர்த்துக்கொண்டதும் இதே வழிதான். ஆனால் எதிரெதிர் குணங்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றில்லை: 1992இல் கிளின்டன், கோர் இருவரும் தெற்கத்தியர், இருவரும் நாற்பதுகளில் இருந்தவர்கள். தலைமுறை மாற்றம் என்ற ஒரே செய்தியை இரண்டு முகங்களால் சொன்னார்கள்.

மறுமொழி 2 எழுதியவர்:
உதவி சிறிது, சேதம் பெரிது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்போது வரிக் கணக்கு, மருத்துவப் பதிவு, குடும்பத் தொழில், பழைய பேச்சுகள் என்று வழக்கறிஞர் குழு வாரக்கணக்கில் துருவுகிறது. 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன் கடைசி நேர அவசரத்தில் செனட்டர் ஈகிள்டனை அறிவித்தார். மனச்சோர்வுக்காக அவர் மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றது பிறகு வெளியே வந்தது. மெக்கவர்ன் முதலில் முழு ஆதரவு என்றார், பின்பு விலக வைத்தார். அறிவித்து 18 நாளில் ஈகிள்டன் விலகிவிட்டார். அந்தத் தேர்தலில் எப்படியும் நிக்சன்தான் வென்றிருப்பார். ஆனாலும் சிகிச்சை பெற்றதைவிட, ஆதரவு என்று சொல்லிவிட்டுப் பின்வாங்கியதுதான் மெக்கவர்ன் பெயரை அதிகம் கெடுத்தது.