மறு: பார்வையாளர் விளைவு – இதில் பார்வை எங்கே?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் ஆபத்தில் இருக்கும்போது, சுற்றிலும் பலர் இருந்தால் ஒவ்வொருவரும் உதவத் தயங்குவதை ஆங்கிலத்தில் bystander effect என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘பார்வையாளர் விளைவு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, எதற்கு இன்னொரு சொல் என்று குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட் மைதானம். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தக் கருத்தை நிலைநாட்டிய சோதனையில் யாரும் எதையும் பார்க்கவே இல்லை.

1968இல் ஜான் டார்லியும் பிப் லட்டானேயும் வெளியிட்ட சோதனை அது. மாணவர்களைத் தனித்தனி அறைகளில் உட்காரவைத்து, மைக்கும் ஹெட்போனும் கொடுத்துப் பேசவிட்டார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் குரல் கேட்கும். முன்பே பதிவுசெய்த குரல். தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்பதாக நினைத்தவர்களில் 85 விழுக்காட்டினர், வலிப்பு ஓய்வதற்குள் எழுந்துபோய்ச் சொன்னார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர்தான் போனார்கள். அந்த நான்கு பேரை அவர்கள் கண்ணால் கண்டதுகூட இல்லை. இருக்கிறார்கள் என்ற நினைப்பே காலைக் கட்டிவிட்டது.

ஆராய்ச்சியைத் தூண்டிய 1964 நியூயார்க் சம்பவமும் இப்படித்தான். கிட்டி ஜெனோவீஸ் கொலையை 38 பேர் பார்த்துக்கொண்டு நின்றதாகப் பத்திரிகை எழுதியது. பின்னால் துருவியபோது, பலர் அலறலை மட்டும் கேட்டவர்கள் என்று தெரிந்தது. 38 என்ற கணக்கே ஆட்டம் கண்டது.

அடுத்து, ‘வேடிக்கை மனநிலை’ என்ற பரிந்துரை. உயிருள்ள சொல், மறுக்கவில்லை. ஆனால் அது திட்டுகிறது. அந்தச் சோதனையில் அறையைவிட்டு வராதவர்களுக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. ஆய்வாளர் உள்ளே வந்ததும் ‘அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?’ என்று கேட்டிருக்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவனுக்கு ஏன் கை நடுங்க வேண்டும்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை அலுவலகத்தில் லிஃப்டின் அவசர மணி அடித்தது. ஏழெட்டுப் பேர் இருந்தோம். எதிர் மேசைக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அப்புறம் இருவரும் கணினியைப் பார்த்தோம். “யாராச்சும் செக்யூரிட்டிகிட்ட சொல்லியிருப்பாங்க” என்றார். மணி மறுபடி அடித்தது. உள்ளே இருந்தவர் கதவைத் தட்டத் தொடங்கிய பிறகுதான் எழுந்தேன். விசாரித்தால், ஒருவர்கூடச் சொல்லவில்லை.

‘கூட்ட அலட்சியம்’ என்ற மற்றொரு பரிந்துரை சரிவராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களின் கண்காணிப்புக் கேமராக்களில் பதிவான 219 தெருத் தகராறுகளை ஆராய்ந்து 2019இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் பத்துக்கு ஒன்பதில் குறைந்தது ஒருவராவது குறுக்கிட்டிருக்கிறார். ஆக, கூட்டம் உதவாது என்று சொல்வது தப்பு. பலர் இருக்கும்போது தனி ஆள் முந்திக்கொள்வதுதான் குறைகிறது.

அதனால் சொல்லில் இரண்டே பொருள் இருந்தால் போதும்: பிறர் இருப்பது, ஒருவர் தயங்குவது. முதலில் ‘கூட்டத் தயக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன். மேடையில் பேச நடுங்குவதுபோல் ஆகிவிட்டது. ‘உடனிருப்போர்’ என்றால் மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாகத் தங்குபவர். எனவே ‘பிறரிருப்புத் தயக்கம்’. கொஞ்சம் நீளம்தான், நாக்கு பழக நாளாகும். ‘இருப்பு’ வங்கிக் கணக்கை நினைவூட்டுகிறது என்று யாராவது சொல்வீர்கள். ‘பிறர்’ முன்னால் நிற்பதால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

இதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம், ‘வேறு யாராவது செய்வார்கள்’ என்று ஒவ்வொருவரின் பொறுப்புணர்வும் குறைவது (diffusion of responsibility). அதற்குப் ‘பொறுப்புப் பகிர்வு’ என்று பட்டியலில் இருப்பதையும் மாற்ற வேண்டும். பகிர்ந்தால் ஆளுக்கொரு பங்காவது கையில் இருக்கும். இங்கே ஆள் சேரச் சேர, தண்ணீர் ஊற்றிய மோர்போல ஆகிறது. ‘பொறுப்பு நீர்த்தல்’ என்று வைக்கலாமா? ‘நீர்த்துப்போதல்’ ஏற்கெனவே வாயில் புழங்கும் சொல், புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ‘ஆபத்து ஒன்றுமில்லை போல’ என்று எல்லோரும் ஏமாறுவதற்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை. ஆங்கிலத்தில் அதை pluralistic ignorance என்பார்கள்; அதை அப்படியே ‘பன்மை அறியாமை’ என்று பெயர்ப்பது வேண்டவே வேண்டாம். இலக்கணப் பாடத்தில் தோற்றவரைச் சொல்வதுபோல் இருக்கிறது.