மான் கூட்டங்களைப் பேணுவது பற்றி வேட்டைக்காரர் சொல்வது வன்னிக்கும் பொருந்துமா?

கேள்வி: கோண்டாவில் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். ஒன்ராறியோவில் வாழும் என் தாய்மாமன் ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் பெற்று மான் வேட்டைக்குப் போகிறவர். வட அமெரிக்காவில் மான்கள் இன்று பெருகியிருப்பதற்கு வேட்டைக்காரரே காரணம் என்றும், வேட்டை இல்லாவிட்டால் கூட்டம் அளவுக்கு மீறிப் பெருகி, காட்டையும் அழித்துத் தானும் பட்டினியால் அழியும் என்றும் அவர் உறுதியாகச் சொல்கிறார். எங்கள் வீட்டில் இதை ஒருவரும் ஏற்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசுவதற்கு எங்களிடம் உணர்வு இருந்ததேயன்றி விவரம் இருக்கவில்லை.

அவர் சொல்வது அந்த நாட்டளவில் உண்மையா? உண்மையென்றால், 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மானைக் கொல்வது குற்றமாக இருக்கும் நம் நாட்டில், முல்லைத்தீவு, மன்னார்க் காடுகளில் உள்ள புள்ளிமானுக்கும் மரைக்கும் அந்த வாதம் பொருந்துமா? திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் மான்கள் குப்பையைக் கிளறித் தின்பதைக் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பார்க்கிறோம். அவற்றின் எதிர்காலம் பற்றியும் அறிந்தவர்கள் சொன்னால் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல உதவும்.

பதில் 1: ஒன்ராறியோ வேட்டையாளர்

பிள்ளை, நானும் உங்கள் மாமாவைப் போல இங்கே அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவன். ஆகவே வேட்டைக்காரர் தரப்பிலிருந்தே எழுதுகிறேன். மாமா சொன்னது உண்மை, ஆனால் அவர் கதையை நடுவிலிருந்து தொடங்கியிருக்கிறார். 1900 ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவின் வெள்ளைவால் மான்கள் சில இலட்சங்களாகக் குறுகிப்போனதற்கு முதற்காரணமே வேட்டைதான். இறைச்சிக்கும் தோலுக்கும் சந்தை இருந்தவரை, கண்டதையெல்லாம் சுட்டார்கள். மான்களை உண்ணும் ஓநாய்களையும் மலைச்சிங்கங்களையும் பெரும் பகுதிகளில் இல்லாமற் செய்தார்கள். அந்தச் சந்தையைச் சட்டம் மூடியது. வேட்டைக்குப் பருவமும் எல்லையும் குறிக்கப்பட்டன. 1937 இல் ஐக்கிய அமெரிக்காவில் வந்த பிட்மன்–றொபேட்சன் சட்டம் துவக்குக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்பட்ட வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கு ஒதுக்கியது. வேட்டைக்காரர் காப்பாற்றினார்கள் என்று நாங்கள் பெருமையோடு சொல்வது இந்த இடத்திலிருந்துதான், அதில் பொய் இல்லை. இன்று அங்கே வெள்ளைவால் மான்கள் ஏறத்தாழ 3 கோடி.

நீண்டகாலப் பேணல் என்றால் வேட்டைக்காரரிடையே ஒரே கருத்து இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். கூட்டத்தின் அளவைத் தீர்மானிப்பவை பெண் மான்கள். ஆண் மான்களை எத்தனை சுட்டாலும் மிஞ்சியிருக்கும் சில ஆண்கள் எல்லாப் பெண்களோடும் இணைந்துவிடும். அடுத்த ஆண்டுக் குட்டிகள் குறைவதில்லை. வெள்ளைவால் மான் நல்ல தீனி கிடைத்தால் இரட்டைக் குட்டி ஈனுவது வழமை. மிச்சிகனில் வேலியிட்ட ஓர் ஆய்வு நிலத்தில் 1928 இல் விடப்பட்ட 6 மான்கள், 6 ஆண்டுகளுக்குள் 160 அளவுக்குப் பெருகியதாகக் கணக்கெடுத்தார்கள். ஆகவே பெண் மானைச் சுடாமல் கூட்டத்தைக் குறைக்க இயலாது. ஆனால் பெண் மானைச் சுடுவது பாவம், அது நாளைய வேட்டையை அழிப்பது என்று தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்த வேட்டைக்காரர் இங்கே ஏராளம். விஸ்கொன்சின் மாநிலத்தில் சில பகுதிகளில், முதலில் ஒரு பெண் மானைச் சுட்ட பின்னரே கொம்புள்ள மானைச் சுடலாம் என்று 1996 முதல் விதித்தார்கள். வேட்டைக்காரரின் எதிர்ப்பு அடங்கவேயில்லை. 2011 இல் அந்த விதி சட்டத்தாலேயே நீக்கப்பட்டது. பென்சில்வேனியாவில் 2002 இல், இளம் ஆண் மான்கள் முதிர்வதற்கு இடம்கொடுக்க, கொம்பில் இத்தனை கிளைக்குக் குறைந்தால் சுடக்கூடாது என்று கொண்டுவந்தபோதும் கூட்டங்களில் கடும் வாக்குவாதம் நடந்தது. பெரிய கொம்பை விரும்புகிறவர், நிறைய மான் காண விரும்புகிறவர், காடு மீள வேண்டும் என்கிறவர் என்று மூன்று தரப்பாகவே பேசுகிறார்கள். நான் மூன்றாவது தரப்பு.

ஒன்ராறியோவில் காடு பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. சாதாரண அனுமதி கொம்புள்ள மானுக்குத்தான். பெண் மானுக்குத் தனியாகக் குலுக்கல் உண்டு, அந்தப் பிரிவில் கூட்டம் மெலிந்திருந்தால் அச்சீட்டுகளைக் குறைத்துவிடுவார்கள். பருவம் முடிந்ததும், ஒன்றும் சுடாதவனும், காட்டுக்கே போகாதவனும் கூட அறிக்கை கொடுக்க வேண்டும். சுட்ட மானின் கீழ்த்தாடையைத் திறந்து பார்த்தால் வயது தெரியும்: முன்னிருந்து மூன்றாவது கடைவாய்ப்பல் மூன்று முகடுகளோடு இருந்தால் அது பாற்பல், மான் ஏறத்தாழ ஒன்றரை வயதைத் தாண்டவில்லை, இரண்டு முகடுகளோடு புதுப்பல் முளைத்திருந்தால் அதற்கு மேல். இப்படிச் சேரும் பல் விவரங்களிலிருந்து கூட்டத்தில் இளசு எவ்வளவு, முதிர்ந்தது எவ்வளவு என்று கணிக்கிறார்கள். இவ்வளவுக்கும் மேல் ஒன்று: சுட்ட மானின் இறைச்சியை நான் விற்க முடியாது. ஒரு இறாத்தல் கூட முடியாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்துக்கு எங்கள் வாதத்தை யாராவது எடுத்துச் சென்றால், அவரோடு நான் நிற்கமாட்டேன்.

பதில் 2: முத்தையன்கட்டுக்காரர்

தம்பி எழுதிய கடைசி வரிகள்தான் எங்கள் பக்கத்துக்கு முக்கியமானவை, தங்கச்சி.

என் தகப்பனாரின் காலத்தில் எங்கள் ஊரில் இடியன் துவக்கோடு காட்டுக்குப் போகிற சிலர் இருந்தார்கள். கன்றோடு நிற்கும் பிணையைச் சுடக்கூடாது, தண்ணீர் குடிக்க வரும்போது குளக்கட்டில் மறைந்திருந்து சுடக்கூடாது என்று அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. இறைச்சியை வற்றலாக்கித் தேனில் இட்டு வைப்பார்கள். அது வீட்டுக்கும் உறவுக்கும் போகும். அந்த ஒழுங்கைப் போற்றி எழுதுவதால் அந்த வேட்டையை மீண்டும் தொடங்கலாம் என்று சொல்கிறேன் என்று எவரும் கொள்ளக்கூடாது. அன்றிருந்த காடு இன்றில்லை, அன்றைய மானும் இல்லை.

இன்று நடப்பது வேட்டை என்ற சொல்லுக்கே தகாதது. இரவில் மோட்டார் சைக்கிளில் வந்து, வெளிச்சம் அடித்துக் கண் கூசி நிற்கிற மானைச் சுடுகிறார்கள். அதைவிடக் கொடியது கம்பிச் சுருக்கு. உழுந்தையும் கச்சானையும் காட்டுப்பன்றி அழிக்கிறது என்று தோட்டத்து வேலியோரம் கட்டும் சுருக்கில் பன்றியும் விழுகிறது, மானும் விழுகிறது, சினைமானும் விழுகிறது. சுருக்குக்கு ஆணும் தெரியாது பெண்ணும் தெரியாது, பருவமும் தெரியாது. கட்டியவன் மறுநாள் போய்ப் பார்க்காவிட்டால் அகப்பட்ட விலங்கு அங்கேயே கிடந்து அழுகும். 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பக்கத்தில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை, மீட்டுச் சிகிச்சை அளித்த பின்னும் இறந்துபோனதை நாடே அறியும். 2018 இல் கிளிநொச்சியில் ஊருக்குள் வந்த சிறுத்தை அடித்துக் கொல்லப்பட்டது. மானைத் தின்று கூட்டத்தை அளவோடு வைத்திருக்க இயற்கை வைத்த விலங்கை இப்படி இழந்துகொண்டிருக்கிறோம். அதன் பிறகு மான் பெருகிவிட்டது, சுட அனுமதி தாருங்கள் என்று கேட்க எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

பயிரை இழக்கும் கமக்காரனின் துயரம் பொய்யல்ல, நானும் கமக்காரன்தான். அவனுக்கு வேலியும் இழப்பீடும் வேண்டும். ஆனால் இறைச்சிக்கு விலை இருக்கும்வரை, பயிர்க் காவல் என்ற பெயரில் கட்டும் சுருக்கு நிற்காது. யாழ்ப்பாணத்து விருந்துகளில் வன்னி வற்றல் என்று இரகசியமாகப் பரிமாறுவதை மதிப்பாக எண்ணுகிறவர்களும் இதில் பங்காளிகளே.

கேள்வியாளர்: கோண்டாவில் ஆசிரியை

இருவருக்கும் நன்றி. இருவரும் இருவேறு திசையிலிருந்து வந்து சந்தை என்ற ஒரே இடத்தில் நிற்பதைக் கவனித்தேன். எனக்கு எஞ்சியிருக்கும் ஐயம் இது: வன்னியில் மான் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஐயா குறைந்துவிட்டது என்கிறார். தோட்டக்காரர்கள் கூடிவிட்டது என்கிறார்கள். விற்பனையை முற்றாகத் தடுத்து, ஒழுங்கான அனுமதி முறையைக் கொண்டுவந்தால், அப்போதாவது மாமாவின் வாதம் பொருந்துமா?

பதில் 3: விலங்கியல் மாணவன், யாழ்ப்பாணம்

ரீச்சர், அனுமதி முறை எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அங்குள்ள வாதம் இங்கே அப்படியே பொருந்தாது என்பதற்கு மானின் உயிரியலே ஒரு காரணம். வடக்கு அமெரிக்காவில் வெள்ளைவால் மான் கார்த்திகையை ஒட்டி இணைசேர்ந்து, கோடை தொடங்கும்போது குட்டி ஈனுகிறது. வேட்டைப் பருவம் வரும்போது குட்டி தாயின் பாலை நம்பியிருப்பதில்லை. நம் புள்ளிமானுக்கு அப்படி ஒரு வரையறுத்த காலம் கிடையாது. ஆண்டின் எந்த மாதத்திலும் முற்றிய கொம்போடு ஆணும், பால் குடிக்கும் குட்டியோடு பெண்ணும் ஒரே கூட்டத்தில் நிற்கும். ஆகவே எந்த மாதத்தை வேட்டைப் பருவமாகக் குறித்தாலும் சில குட்டிகள் தாயை இழந்தே தீரும். மேலும் புள்ளிமானும் மரையும் பெரும்பாலும் ஒரு குட்டியே ஈனுகின்றன. இரட்டைக் குட்டி ஈனும் இனத்துக்கு வகுத்த கணக்கைக் கொண்டுவந்து ஒற்றைக் குட்டி ஈனும் இனத்தின் மேல் வைத்தால், சரிந்த கூட்டம் மீள்வதற்கு நாம் எண்ணுவதைவிட மிக நீண்ட காலம் பிடிக்கும்.

வேட்டை இருந்தாலே கூட்டம் கட்டுக்குள் நிற்கும் என்பதும் எல்லா இடத்திலும் நடந்ததில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த அன்ரிகொஸ்ரி தீவில், 1890களின் பிற்பகுதியில் ஹென்றி மெனியே என்ற பிரெஞ்சுச் செல்வந்தர் வேட்டைக்கென்று ஏறத்தாழ 220 மான்களைக் கொண்டுவந்து விட்டார். அவற்றைத் தின்ன ஓநாய் இல்லை. மான்கள் ஓர் இலட்சத்துக்கும் மேலாகப் பெருகி, பழம் தரும் பற்றைகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. அந்தப் பழங்களை நம்பியிருந்த கருங்கரடிகள் தீவிலிருந்தே அற்றுப்போயின. அங்கே வேட்டை தொடர்ந்து நடந்துகொண்டுதான் இருந்தது. வேட்டையாடக்கூடிய கைகளைவிடப் பிறக்கும் குட்டிகள் கூடுதலாக இருந்தால் துவக்கு எட்டாது. வன்னியில் இன்னும் சிறுத்தை இருக்கிறது, குளங்களில் முதலை இருக்கிறது, குட்டிகளை நரி எடுக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் வறட்சியும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

கூடியதா குறைந்ததா என்ற கேள்விக்குக் கண்ணால் கண்டதை வைத்து விடை சொல்ல முடியாது. ஆவணி, புரட்டாதியில் சிறுகுளங்கள் வற்றியதும் மான்கள் பெருங்குளங்களின் ஓரத்தில் கூடுகின்றன. தோட்டமும் குளத்தை அண்டியே இருப்பதால் தோட்டக்காரருக்கு மான் பெருகியதாகவே தெரியும். ஐயா காட்டுக்குள் நடந்து பார்த்த இடங்களில் மான் இல்லாமற் போயிருக்கலாம். இருவரும் கண்டதையே சொல்கிறார்கள். முறையாக எண்ணுவதென்றால், காட்டுக்குள் நேர்கோட்டில் பாதை குறித்து நடந்து, காணும் ஒவ்வொரு கூட்டமும் பாதையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பதிய வேண்டும். தூரம் கூடக்கூடக் கண்ணில் படுவது குறைவதைக் கொண்டு, காணாதவற்றையும் மதிப்பிடலாம். குறித்த சதுரத்தில் பழைய புழுக்கைகளைத் துடைத்துவிட்டு, சில வாரம் கழித்துப் புதியவற்றை எண்ணுவது இன்னொரு முறை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டு தவறாமல் செய்ய வேண்டும். ஒன்ராறியோ ஐயா எழுதிய முறையில் நமக்கு உடனே எடுத்துக்கொள்ளத் தக்கது இந்தப் பதிவுப் பழக்கமே என்பது என் கருத்து. துவக்கைப் பற்றிய பேச்சு அதற்குப் பின் எத்தனையோ ஆண்டுகள் கழித்து வரலாம், வராமலும் விடலாம்.

திருகோணமலை முற்றிலும் வேறு விடயம். அங்கே சிறுத்தை இல்லை. மக்கள் கொடுப்பதும் குப்பையில் கிடப்பதும் தீனியாகிறது. உணவின் மணம் ஒட்டிய பொலித்தீன் பைகளை அவை விழுங்கிவிடுகின்றன. அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அது செரிக்காமல் தங்கித் திரண்டு, வயிறு நிறைந்தது போலிருக்கும்போதே விலங்கு மெலிந்து இறக்கும். நகரத்துக்குள் சுடுவது பற்றிப் பேசவே இடமில்லை. குப்பைத் தொட்டிகளுக்கு மூடியும், உணவு கொடுப்பதற்குத் தடையும், நாய்களுக்குக் கட்டுப்பாடும் முதலில் வேண்டும்.

அந்த மான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் நிற்பதால் மாணவர்கள் எண்ணிப் பழகுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. திருகோணமலையில் உள்ள ஒரு பாடசாலையோடு சேர்ந்து செய்யுங்கள். மாதம் ஒரு முறை, விடியற்காலையில் ஒரே நேரத்தில், கோட்டை வாசலிலிருந்து கோயில் வரையான வீதியில் நடந்து, கொம்புள்ள ஆண், கொம்பு விழுந்த ஆண், பெண், குட்டி என்று நான்கு நிரலில் குறிக்கச் சொல்லுங்கள். பத்துப் பெண்ணுக்கு எத்தனை குட்டி என்ற விகிதம் மாதந்தோறும் எப்படி மாறுகிறது என்பதை வரைபடமாக்கினால், இனப்பெருக்கம் ஆண்டு முழுவதும் நடக்கிறதா என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். அட்டவணையை இங்கே இட்டால் கணக்கிடுவதற்கு நான் உதவுகிறேன்.