பண்டிகைப் பேரை வைத்துப் பேசுகிற பேச்சுகள் சொல்லுங்களேன்

முத்தியால்பேட்டை: என் மகள் பெங்களூரில் வளர்ந்தவள். அவளோட பாட்டி, "பக்கத்து வீட்டுக் குழந்தை அழுததில் நேத்து எனக்குச் சிவராத்திரிதான்" என்றதும், இப்போ சிவராத்திரி இல்லையே என்று முழிக்கிறாள். இந்த மாதிரி நம்ம பக்கம் வேறென்ன சொல்வோம்? அவளுக்காக எழுதி வைக்கணும்.

மஞ்சக்குப்பம்: சிவராத்திரிக்கு நாலு காலப் பூசை, விடிய விடியக் கண் விழிக்கணும், அதான் தூக்கம் கெட்ட ராத்திரிக்கெல்லாம் அந்தப் பேர். 2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' என்கிற புயல் கரை ஏறியதே, அந்த ராத்திரி எங்க கடலூருக்கே சிவராத்திரிதான். அடுப்பு எரியாத நாளுக்கு ஏகாதசி: "கேஸ் தீர்ந்துபோச்சு, இன்னிக்கு ஏகாதசி." அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுகிற சொந்தக்காரரை "தீபாவளிக்குத் தீபாவளிதான் வருவார்" என்போம்.

நெல்லித்தோப்பு: பொங்கலை விட்டுட்டீங்களே அண்ணே! யாராவது வசமாகத் திட்டோ அடியோ வாங்கினால் "நல்லா பொங்கல் வச்சுட்டாங்க". பேஸ்புக்கில் ஒரு செய்தியைப் பார்த்ததும் ஆவேசமாக நீளமாக எழுதினாலும் பொங்கல்தான். இந்த இரண்டாவது எனக்குப் பிடிக்கவே இல்லை, தெருவில் சாக்கடை ஓடுது என்று ஒருத்தர் நியாயமாகக் கோபப்பட்டால்கூட "பொங்காதே" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள்.

முத்தியால்பேட்டை: ரொம்ப நன்றி. அடி வாங்குகிற பொங்கலை அவள் பெரியவங்க முன்னாடி சொல்லலாமா?

நெல்லித்தோப்பு: வேண்டாம் அக்கா, அது சிநேகிதங்களுக்குள்ளே மட்டும். சிவராத்திரியும் ஏகாதசியும் யார்கிட்டே வேண்டுமானாலும் சொல்லலாம்.