லிங்கோ பார்த்து டச்சு படித்த குடும்பங்கள் யாராவது இருக்கிறீர்களா?

கடலோரக்காரி

நெதர்லாந்தில் வளர்ந்த எங்கள் ஆட்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலும் பின்னேரமானால் தொலைக்காட்சியில் லிங்கோ ஓடியதா? டென் ஹெல்டர் பிள்ளையார் கோயில் தேருக்குப் போனபோது அன்னதானப் பந்தியில் இந்தக் கதை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் "எங்கள் வீட்டிலும்தான்" என்றார்கள். நினைவிருப்பதை எழுதுங்கள்.

பார்த்திராதவர்களுக்கு: ஐந்தெழுத்துச் சொல் ஒன்று மறைந்திருக்கும். முதல் எழுத்தை மட்டும் காட்டுவார்கள். இரண்டு பேர் கொண்ட அணி ஐந்து தடவைக்குள் அதைப் பிடிக்க வேண்டும். சொல்லைச் சொன்னால் போதாது, உடனே எழுத்துக் கூட்டவும் வேண்டும். எழுத்தும் இடமும் சரியென்றால் சிவப்புக் கட்டம். எழுத்து உண்டு, இடம் பிழை என்றால் மஞ்சள் வட்டம். இல்லாத சொல்லைச் சொன்னாலோ எழுத்துப் பிழைத்தாலோ ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். வேர்டில் (Wordle) என்ற இணையச் சொல் விளையாட்டு ஆடுகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழக்கமாக இருக்கும். ஆனால் லிங்கோ நெதர்லாந்தில் 1989இலேயே வந்துவிட்டது, வேர்டில் உலகத்துக்குத் தெரிந்ததே 2021 கடைசியில்தான்.

அப்பா இங்கே வந்தது 1985. அப்போது தமிழ் அகதிகளுக்கென்றே அரசு ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. மற்றவர்களைப் போல உதவிப்பணம் கிடையாது. படுக்கை, குளியல், பாண், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. "பெட், பாட், ப்ரோட்" என்று டச்சுக்காரரே அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு மீன் தொழிற்சாலையில் வேலை. இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. வகுப்புக்குப் போக நேரமும் இல்லை. நானும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது அவர் ஒரு கொப்பியும் பென்சிலுமாக லிங்கோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அவர் விளையாடும் விதம் எனக்கு இப்பவும் தெரியும். 'பி' என்று முதல் எழுத்து வந்தால் முதலில் "போட்டர்" (boter, வெண்ணெய்) என்று எழுதுவார். அதில் ஐந்தும் வெவ்வேறு எழுத்து, அதற்காகத்தான். 'ஓ'வும் 'ஆரும்' மஞ்சளாக வந்தால் அடுத்து "ப்ரோன்ஸ்" (brons, வெண்கலம்). அதில் முதல் மூன்று எழுத்தும் சிவப்பாகிவிட்டது என்று வையுங்கள். தொலைக்காட்சியில் இருக்கிற டச்சுக்காரர் "ப்ரூக்" (broek, காற்சட்டை) என்பார், "ப்ரூர்" (broer, சகோதரன்) என்பார். அப்பா கொப்பியைத் தட்டுவார். "அந்த 'இ' இல்லையென்று போட்டரிலேயே தெரிந்துபோச்சு. பிறகேன் அதைச் சொல்லுறான்?" விடை "ப்ரோட்" (brood), பாண். ஒரே எழுத்து இரண்டு தரம் வரும் என்பதை ஆட்கள் மறந்துவிடுவார்கள் என்பது அவருடைய கணிப்பு. பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

அவர் வாயால் டச்சு சரளமாக வந்ததே இல்லை. ஆனால் நகரசபையிலிருந்து வரும் கடிதத்தில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பார்.

பழைய ஆள்

பிள்ளை, நான் ரூர்மொண்ட் பக்கம். எங்கள் வீட்டிலும் ஓடியது. ஆனால் எனக்கு அந்த நிகழ்ச்சியில் ஒரு கோபம் உண்டு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். பந்து!

சொல்லைக் கண்டுபிடித்த அணி பிறகு பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு பந்து எடுக்க வேண்டும். ஒரு அணியின் அட்டையில் ஒற்றை எண்கள், மற்ற அணிக்கு இரட்டை எண்கள். பந்தில் வரும் எண்ணை அட்டையில் அழிப்பார்கள், ஒரு வரிசை முழுதாக அழிந்தால் "லிங்கோ!" என்று கத்தலாம். அதாவது பிங்கோவேதான். பச்சைப் பந்து மூன்று சேர்ந்தால் பெரிய பரிசு. சிவப்புப் பந்து வந்தால் முறையே போச்சு. மூளையைக் கசக்கிச் சொல் கண்டுபிடிக்கிறவன் சிவப்புப் பந்து எடுத்துத் தோற்பான், தட்டுத் தடுமாறி வந்தவன் ஒரே இழுவையில் வரிசை முடிப்பான். சொல் விளையாட்டுக்கு நடுவில் லொத்தர் எதற்கு?

என் மனைவிக்கு அந்தப் பந்துதான் பிடிக்கும். சொல் வரும்போது குசினியில் நிற்பார், பந்துச் சத்தம் கேட்டால் வந்து எட்டிப் பார்ப்பார். இது எங்கள் வீட்டில் இன்றுவரை தீராத வழக்கு.

இன்னொன்று. இது டச்சுக்காரர் கண்டுபிடித்த விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1987இல் அமெரிக்காவில் ரால்ஃப் ஆண்ட்ரூஸ் என்பவர் செய்தது. நடத்தியவர் மைக்கேல் ரேகன், அப்போதைய ஜனாதிபதியின் மகன். அங்கே அடுத்த வருடமே நின்றுவிட்டது. திரும்ப வந்தது 2002இல், சக் வூலரி நடத்த. இங்கேதான் கால் நூற்றாண்டு நிலைத்தது.

தேர்வுக்குப் போனவன்

நான் அதில் கலந்துகொள்ள விண்ணப்பித்தவன். லூசில் வெர்னர் நடத்திய காலம். வேலை இடத்து நண்பன் ஒருவன், டச்சுக்காரன், "நீயும் நானும் போவோம்" என்றான். எனக்கு மொழி, அவனுக்கு வாய் என்று பிரித்துக்கொண்டோம். வழக்கமாக மறுபக்கம்தான் இருக்க வேண்டும் என்பதால் இருவருக்கும் சிரிப்பு.

தேர்வில் முதலில் தாளில் சொற்கள், பிறகு ஒத்திகை போல ஒரு ஆட்டம். தாளில் நான் நன்றாகச் செய்தேன். எங்கள் ஆட்களுக்கு டச்சு எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? குறில், நெடில் வேறுபாடு. மன் என்றால் ஆண், மான் என்றால் நிலா. எழுதும்போது மானுக்கு இரண்டு 'ஏ' போட வேண்டும். வகுப்பில் மற்ற நாட்டுக்காரர் இதில் அல்லாடினார்கள். காதில் நெடில் விழுந்தால் எனக்குக் கை தானாக இரண்டு எழுத்து எழுதும்.

ஒத்திகையில் எங்களோடு ஆடியவர்கள் தாயும் மகளும். தாய்க்கு எழுபது வயது இருக்கும். நான் ஒரு சொல்லை எழுத்துக் கூட்டி முடித்ததும் அவர் என்னைப் பார்த்து "எங்கே படித்தீர்கள்?" என்றார். "உங்களைப் போலத்தான், சோபாவில்" என்றேன். நல்லா சிரித்தார்.

எங்களைக் கூப்பிடவில்லை. நிறையப் பேர் விண்ணப்பிக்கிற நிகழ்ச்சி, அதனால் பெரிய ஏமாற்றமும் இல்லை. லூசில் வெர்னரை நேரில் பார்க்கக் கிடைக்காததுதான் குறை. என் அக்காவுக்கும் நடப்பதில் சிரமம் உண்டு. தினமும் மாலையில் முழு நாடும் பார்க்கிற நிகழ்ச்சியை, நடையில் குறையுள்ள ஒருவர் அதை ஒளிக்காமல் நடத்துகிறார் என்பதை அக்கா வந்தவர் போனவருக்கெல்லாம் சொல்லுவார். 2021இல் வெர்னர் பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

ஹாரோ மாமி

நான் லண்டன். எங்களுக்கு லிங்கோ வந்ததே பிந்தித்தான். ஐடிவியில் 2021இல் தொடங்கினார்கள், அடில் ரே நடத்தினார். முன்பு எண்பதுகளின் கடைசியில் இங்கேயும் கொஞ்சக் காலம் ஓடியதாம், நான் அப்போது ஊரில்.

பழைய ஆள் அண்ணைக்கு ஒரு நற்செய்தி: இங்கே பந்தே இல்லை. நாலெழுத்தில் தொடங்கி எழுத்து ஏறிக்கொண்டே போகும். நடுவில் நீளச் சொல் ஒன்றுக்குத் துப்புத் தந்து கேட்பார்கள். மூன்று அணிகள். வெறும் சொல்தான். ஆனால் உண்மையைச் சொன்னால் உங்கள் மனைவி பக்கம்தான் எனக்குச் சாய்வு. சொல் தெரிந்தவர்கள் வெல்கிறார்கள், சரி. தெரியாதவர்களுக்கு அங்கே எதுவும் நடக்காது. பேரனோடு இருந்து பார்க்கும்போது அவனுக்கு ஒரு பந்தாவது உருண்டால் நன்றாக இருக்கும்.

எனக்கு இதைவிட ஜேம்ஸ் வசந்தன் விஜய் டிவியில் நடத்திய "ஒரு வார்த்தை ஒரு லட்சம்" நெருக்கம். அது எழுத்து விளையாட்டு இல்லை. ஒருவர் துப்பாகச் சொல் சொல்ல, மற்றவர் மறைந்திருக்கும் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். கணவன் மனைவியாக ஆடினால் தெரியும் சங்கதி. இவர் சொல்லும் துப்பைக் கேட்டு, இத்தனை வருடமும் இவரோடு எப்படிக் கதைத்தேன் என்று எனக்கே சந்தேகம் வரும்.

எழுத்தெண்ணி

மாமி, தமிழில் லிங்கோவையே ஆடிப் பார்த்தோம் நாங்கள். கொரோனா ஊரடங்கில், வீட்டில், வெள்ளைப் பலகையில். தொடங்கி ஐந்து நிமிடத்தில் சண்டை. எதை ஒரு கட்டம் என்று எடுப்பது?

டச்சில் எழுத்து இருபத்தாறு. எங்களுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. மறைந்த சொல் "கிணறு" என்று வையுங்கள். நான் "குளம்" என்றால் 'கு' பிழையா, பாதி சரியா? மெய் சரி, உயிர் பிழை. என் மகள் புதிதாகப் பச்சை நிறம் ஒன்று சேர்த்தாள்: மெய் மட்டும் பொருந்தினால் பச்சை. அதற்குப் பிறகுதான் ஆட்டம் ஓடியது. பச்சை இல்லாமல் ஆடினால் ஐந்து தடவை போதவே போதாது, எட்டுத் தடவையாவது வேண்டும். பெரியவர்களுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "கு வேற எழுத்து, கி வேற எழுத்து" என்று மாமனார் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஊரில் தமிழ் வாத்தியார், வேறென்ன சொல்வார்.

டச்சு லிங்கோவுக்கும் இந்தத் தலையிடி இருந்தது. 'ஐ'யும் 'ஜே'யும் சேர்ந்து வரும்போது அதை ஒரே எழுத்தாக எடுத்து ஒரே கட்டத்தில் போடுவார்கள். "கெய்கன்" (kijken, பார்த்தல்) எழுதினால் ஆறு எழுத்து, லிங்கோவில் ஐந்து கட்டம். வெளியாட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் அது.

கடலோரக்காரி

எழுத்தெண்ணி சொன்ன அந்தக் கட்டத்தில்தான் அம்மாவும் அப்பாவும் சண்டை பிடிப்பார்கள். அதோடு எழுத்தின் பெயர் வேறு. அம்மா ஊரில் இங்கிலீஷ் மீடியம். டச்சில் 'இ' எழுத்தை 'ஏ' என்பார்கள், 'ஐ' எழுத்தை 'ஈ' என்பார்கள். அம்மா குசினியிலிருந்து "ஈ!" என்று கத்துவார், அப்பா டச்சு முறைப்படி வேறு எழுத்தை எழுதிவிட்டுப் பிழை என்பார். இரண்டு பேரும் சரி.

2006இல் லிங்கோவை நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது நினைவிருக்கிறதா? நவம்பரில் பொதுத்தேர்தல். அந்த நேரம் பார்த்து அரசியல்வாதிகள் எல்லாரும் லிங்கோவைக் காப்பாற்றக் கிளம்பினார்கள், பிரதமர் பால்கனென்டே உட்பட. அப்பாவுக்கு இது பெரும் வேடிக்கை. எங்கள் ஊரில் தேர்தல் வந்தால் என்னென்ன நடக்கும் என்று தெரிந்த மனிதர், இங்கே ஐந்தெழுத்து விளையாட்டுக்காகப் பிரதமர் வாய் திறக்கிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வார். ஆனால் வாக்குரிமை கிடைத்தபின் அவர் இவ்வளவு ஊன்றிச் செய்தி கேட்டது அந்த வாரங்களில்தான்.

அப்போது தப்பியது. 2014இல் நிறுத்தியே விட்டார்கள். 2019இல் எஸ்பிஎஸ் 6 என்ற தனியார் தொலைக்காட்சி திரும்பக் கொண்டுவந்தது, யான் வெர்ஸ்டேக் நடத்தினார். அப்பா முதல் நாளே கொப்பியோடு உட்கார்ந்தார். விளம்பரம் வந்தது. எழுந்து தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வந்தார். திரும்பவும் விளம்பரம். பொதுத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவருக்கு அது ஒத்துவரவில்லை. "இவன் நல்ல பெடியன், ஆனால் கெதியாகக் கதைக்கிறான்" என்பது வெர்ஸ்டேக் பற்றிய தீர்ப்பு. எனக்கென்னவோ புதியது நன்றாகவே இருந்தது. ஒளி, வேகம், சிரிப்பு எல்லாம் கூடியிருக்கிறது. ஆனால் பழையதில் ஒருவர் யோசிக்கும்போது நிலவும் அந்த இடைவெளி, அதில்தான் அப்பா சொல்லை எழுதினார். புதியதில் அதற்கு நேரம் குறைவு. மொழி தெரிந்தவர்களுக்கு அது குறையாகத் தெரியாது.

இப்போது என் மகன் அவருக்குக் கைப்பேசியில் வேர்டில் டச்சுப் பதிப்பு போட்டுக் கொடுத்திருக்கிறான். முதல் எழுத்தைக் காட்டுவதில்லை என்று அதிலும் அவருக்கு ஒரு முறைப்பாடு. ஒரு நாளைக்கு ஒரு சொல்தானா என்று இன்னொன்று.

பழைய ஆள்

அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்: 'எஸ்' வந்தால் முதல் சொல் எது? நான் "ஸ்டூல்" (stoel, கதிரை) போடுவேன். மனைவி "அதில் 'ஏ' இல்லை, என்ன பிரயோசனம்" என்கிறார்.

கடலோரக்காரி

கேட்டேன் அண்ணை. "ஸ்டார்ட்" (start) என்கிறார். 'ஏ', 'ஆர்' இரண்டும் பார்க்கலாமாம். ஆனால் அதில் 'டி' இரண்டு தரம் வருகிறதே, அவருடைய விதிப்படியே ஒரு கட்டம் வீண்தானே என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று கொப்பியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.