அமெதிஸ்ட் மஞ்சளாகாமல் பால்போல் வெளுக்கிறது, எங்கே பிசகு?

கேள்வி: மஃபிள் ஃபர்னேஸில் (மூடிய அறை கொண்ட சூட்டு உலை) அமெதிஸ்ட்டை, அதாவது ஊதா நிறக் குவார்ட்ஸை, சிட்ரினின் மஞ்சள் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒரு மணி நேரத்தில் 560 டிகிரி செல்சியஸ், அதில் 2 மணி நேரம், அணைத்ததும் கதவு திறப்பு. பாதிக் கற்கள் வெளுத்தன, சில விரிசல் விட்டன, இரண்டு நிறமற்றுத் தெளிவாக நிற்கின்றன. காமா கதிர் கொடுத்தால் ஊதா திரும்புமா?

பதில் 1: சூடு அதிகம், வேகமும் அதிகம். பெரும்பாலான அமெதிஸ்ட் 400–500 டிகிரிக்குள் மாறிவிடும். அதற்கு மேல் போனால் கல்லுக்குள் உள்ள நீர் நுண்குமிழ்களாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கும். அந்த வெண்மை போகாது, அந்தக் கற்களை மறந்துவிடுங்கள்.

விரிசலுக்குக் காரணம் பல. 573 டிகிரியில் குவார்ட்ஸின் படிக அமைப்பு ஆல்பாவிலிருந்து பீட்டாவுக்கு மாறும், கன அளவு சட்டென்று கூடும். மீட்டர் 560 காட்டினாலும் சூட்டுக்கம்பி பக்கம் அதைத் தாண்டியிருக்கலாம். தெர்மோகப்பிள் (வெப்பநிலை உணரி) நுனி கற்களை ஒட்டியே இருக்கட்டும். திரவக் குமிழ் உள்ள கல் இதைவிடக் குறைந்த சூட்டிலேயே வெடிக்கும். 10 மடங்கு லென்ஸில் பார்த்து முதலிலேயே ஒதுக்குங்கள். சூடான கல்லில் குளிர்காற்று பட்டதும் ஒரு காரணம்.

அடுத்த முறை அலுமினா மூசையில் (சூடு தாங்கும் கிண்ணம்) நன்கு காய்ந்த மணலுக்குள், ஒன்றையொன்று தொடாமல் புதையுங்கள். மணிக்கு 50 டிகிரி வீதம் 420 வரை ஏற்றி, 2 மணி நேரம் நிறுத்தி, அணைத்து, 50 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கதவைத் தொடாதீர்கள். நிறம் போதாவிட்டால் 20 டிகிரி கூட்டி மறுபடி. ஒவ்வொரு சரக்குக்கும் உதிரித் துண்டில்தான் முதல் சோதனை.

பதில் 2: தெளிவாக நிற்கும் இரண்டில் இரும்பு குறைவாக இருக்கலாம். மஞ்சளுக்கு இரும்புதான் வேண்டும். அது போதாத கல்லை எவ்வளவு சுட்டாலும் வெறும் கண்ணாடிதான். ஊதா மட்டும் கலைந்த கல்லுக்குக் காமா கதிர் நிறத்தைத் திருப்பித் தரலாம். மஞ்சள் நன்றாக ஏறிவிட்ட கல்லில் இரும்பு ஆக்சைடு துகள்களாகப் பிரிந்திருக்கும், அங்கே நம்பிக்கை குறைவு.

கேட்டவர்: பச்சையாக மாறும் என்கிறார்களே? புகைநிறக் குவார்ட்ஸையும் இதே சூட்டில் வைக்கலாமா?

பதில் 2: பச்சை எல்லா அமெதிஸ்ட்டிலும் வராது. பிரேசிலின் மொண்டெசூமா போன்ற சில இடத்துச் சரக்கில்தான் வரும். புகைநிறம் அலுமினியமும் இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்து தந்தது. 300 டிகிரியை ஒட்டியே கலையத் தொடங்கும். இரண்டையும் ஒரே மூசையில் வைக்காதீர்கள்.