மூன்று வாரமாகியும் பெயிண்ட் காயாத டைனோசர்: உதவி தேவை

உறையூர்க்காரன்

வணக்கம். பொங்கல் லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் ரெண்டு பேரும் திருச்சிக்கு வருகிறார்கள். பெரியவளுக்கு 13, சின்னவனுக்கு 11. போன வருஷம் அட்டையில் வெட்டிய வீரர்களை வைத்து மேஜை மேல் விண்வெளிப் போர் ஆடினோம். ராத்திரி பத்து மணிக்கும் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறை அவர்கள் கையில் நிஜ உருவங்களைக் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

வெளிநாட்டு மினியேச்சர் பெட்டிகள் என் கைக்கு எட்டாத விலை. அதனால் 'எதை எடுத்தாலும் 20 ரூபாய்' வண்டியில் ஒரு பை நிறைய அள்ளி வந்தேன். மெத்தென்ற டைனோசர் ஒன்பது, பச்சைப் பட்டாள வீரர்கள் ஒரு பாக்கெட், விறைப்பான ரோபோ நாலு, பின்னால் இழுத்துவிட்டால் ஓடும் கார் ரெண்டு. டைனோசரை வேற்றுக்கிரக மிருகமாகவும், ரோபோவை நடக்கும் பீரங்கியாகவும் மாற்றுவதாகத் திட்டம். வீரர்கள்தான் விண்வெளிக் காவல்படை.

முதலில் டைனோசர். ஆட்டோமொபைல் கடையில் கறுப்பு ஸ்ப்ரே டின் வாங்கி மொட்டை மாடியில் வைத்து அடித்தேன். மூன்று வாரம் ஆகிறது, இன்னும் விரல் ஒட்டுகிறது. பழைய பேப்பர் மேல் படுக்க வைத்திருந்த ஒன்றை நேற்றுத் தூக்கினால் பேப்பரும் கூடவே வருகிறது. உரித்துப் பார்த்தால் வயிற்றில் ஒரு வரன் விளம்பரம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது.

அடுத்து பச்சை வீரர்கள். அதே ஸ்ப்ரே இவர்கள் மேல் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. ஆனால் துப்பாக்கியை லேசாக வளைத்தால் பெயிண்ட் வெங்காயத் தோல் மாதிரி கழன்று வருகிறது.

கார் ரெண்டையும் நன்றாகவே பெயிண்ட் பண்ணி முடித்திருந்தேன். கடைசியில் மேட் வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும் திருநீறு பூசின மாதிரி மேலெல்லாம் வெள்ளை படிந்துவிட்டது.

ரோபோவை இன்னும் தொடவில்லை. அதையும் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஒரே கை, ஒரே மாடி, ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் போகிறது?

தூரிகைச் செல்வன்

ப்ரோ, டைனோசரை ரெண்டு நாள் நல்ல வெயிலில் வையுங்கள். அப்புறம் முகப்பவுடர் தூவித் துடைத்தால் பிசுபிசுப்பு போய்விடும். பெயிண்ட் கொஞ்சம் கனமாக விழுந்திருக்கும், அவ்வளவுதான்.

அச்சுப்பட்டறை அக்கா

வெயில் வேண்டாம் தம்பி. நான் கோவையில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட்டில் வேலை பார்க்கிறேன், இது எங்களுக்குத் தினசரி விஷயம்.

மெத்தென்ற பொம்மை பெரும்பாலும் சாஃப்ட் பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது, வீட்டுத் தண்ணீர்க் குழாயே அதுதான். அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் மாதிரி ஒரு திரவம் சேர்ப்போம். பிளாஸ்டிசைசர் என்று பெயர், அதில் ஒன்றைப் பட்டறையில் டிஓபி என்போம். அது பிளாஸ்டிக்கோடு பிணைவது இல்லை, பாகில் ஊறின ஜாமூன் மாதிரி உள்ளே ஊறிக்கிடக்கும். ஸ்ப்ரேயில் இருக்கும் தின்னர் மேலே பட்டதும் அந்த எண்ணெய் பெயிண்டுக்குள் ஏறிவிடுகிறது. தின்னர் என்றைக்கோ பறந்துவிட்டது தம்பி. இப்போது ஒட்டுவது இளகிப்போன பெயிண்ட். இன்னும் ஆறு மாசம் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். வெயிலில் வைத்தால் சூட்டுக்கு இன்னும் எண்ணெய் மேலே வரும்.

ஆனால் கையில் தொட்டுப் பார்க்காமல் எந்தப் பிளாஸ்டிக் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு பொம்மையிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அரிசி அளவு துண்டு வெட்டி எடுங்கள். ஒரு டம்ளரில் சாதாத் தண்ணீர், இன்னொன்றில் கல்லுப்பு இனிக் கரையாது என்கிற வரை கரைத்த தண்ணீர். ரெண்டிலும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விடுங்கள், இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு மூழ்க வேண்டியதும் மிதக்கும். முழுப் பொம்மையைப் போட்டுப் பார்க்காதீர்கள், உள்ளே காற்று இருந்தால் எதுவும் மிதக்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள். கொளுத்தி மோந்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிவிசி புகையில் அமிலம் இருக்கும்.

உறையூர்க்காரன்

இப்போதுதான் செய்தேன் அக்கா. டைனோசர் துண்டு ரெண்டு டம்ளரிலும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. பச்சை வீரன் ரெண்டிலும் மிதந்தான். ரோபோ சாதாத் தண்ணீரில் அவசரமே இல்லாமல் மெதுவாக இறங்கியது. அதே துண்டை உப்புத் தண்ணீரில் விட்டால் மேலே வந்து நின்றது!

அச்சுப்பட்டறை அக்கா

அழகாகச் செய்திருக்கிறீர்கள். டைனோசர் பிவிசிதான், அதன் அடர்த்தி தண்ணீரைவிட ரொம்ப அதிகம். தண்ணீரை 1 என்று வைத்தால், வீரன் பாலிஎத்திலீன், 0.91-லிருந்து 0.97 வரை இருக்கும், அதனால்தான் மிதக்கிறான். ரோபோ பாலிஸ்டைரீன் அல்லது ஏபிஎஸ், 1.05 பக்கம். சாதாத் தண்ணீரில் மூழ்கி, 1.2 அடர்த்தியுள்ள உப்புத் தண்ணீரில் மிதக்கும். உங்கள் பையிலேயே நல்ல சரக்கு ரோபோதான். விலை உயர்ந்த பிளாஸ்டிக் மினியேச்சர்களும் பாலிஸ்டைரீனில்தான் வருகின்றன.

எதுவாக இருந்தாலும் முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து பொம்மை சுலபமாகக் கழன்று வர நாங்கள் சிலிக்கோன் ஸ்ப்ரே அடிப்போம். அது பொம்மை மேல் ஒட்டிக்கொண்டே கடைக்கு வரும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் லிக்விட், பழைய பல் தேய்க்கும் பிரஷ். காய வைத்தபின் வெறுங்கையால் தடவிக்கொண்டே இருக்காதீர்கள்.

டைனோசருக்கு இனி ஸ்ப்ரேயே வேண்டாம். தின்னரால் துடைக்கவும் வேண்டாம், பொம்மையே இளகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, வந்த வரைக்கும் துடைத்து எடுங்கள். மிச்சத்தின் மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்டை, தண்ணீர் கலக்காமல், பிரஷால் மெல்லிசாக ஒரு கோட் பூசி ராத்திரி முழுக்க விட்டு, அப்புறம் இன்னொரு கோட். பெரும்பாலும் அது ஒட்டலை மூடிவிடும். ஸ்ப்ரே படாத டைனோசர் மிச்சம் இருந்தால் கழுவிவிட்டு நேராக இதையே செய்யுங்கள். மினியேச்சர் செய்கிற ரீப்பர் கம்பெனியின் போன்ஸ் உருவங்களும் மெத்தென்ற பிளாஸ்டிக்தான். அது உலகம் முழுக்கப் பலர் கைக்குப் போனபோது, ஸ்ப்ரே ப்ரைமர் என்கிற அடிக்கோட்டைத் தவிர்த்து அக்ரிலிக்கை நேரடியாகப் பூசுவதுதான் எல்லாரும் கண்ட வழி.

பச்சை வீரனின் பாடு வேறு. பாலிஎத்திலீன் மேல் எதற்கும் பிடிமானம் கிடையாது. சூப்பர் குளூவை அந்தப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைக்க முடிகிறதே, அதனால்தான். கார் பெயிண்ட் கடையில் பம்பருக்கு அடிக்கும் பிளாஸ்டிக் ப்ரைமர் கேளுங்கள், ஒரு மெல்லிய கோட் போதும். அது கிடைக்காவிட்டால் ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பூசுங்கள். காய்ந்து சுருங்கும்போது தோல் மாதிரி இறுக்கிப் பிடிக்கும், அதன் மேல் அக்ரிலிக். இருந்தாலும் வளைகிற துப்பாக்கியில் எந்த பெயிண்டும் நிற்காது. துப்பாக்கியை வெட்டிவிட்டு விறைப்பான ஒன்றை வையுங்கள். பசையை நம்பாதீர்கள். ஊக்கை வெட்டிய கம்பியைச் சூடு காட்டி வீரனின் கையில் குத்தி, அதில் செருகுங்கள்.

ஒன்றை மறந்தேன். டைனோசரையும் ரோபோவையும் ஒரே டப்பாவில் ஒன்றோடொன்று படும்படி போட்டு வைக்காதீர்கள். ஜாமென்ட்ரி பாக்ஸில் அழிரப்பர் ஸ்கேல் மேல் ஒட்டி, ஸ்கேலில் குழி விழுந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். அதே எண்ணெய்தான், அதே பாலிஸ்டைரீன்தான்.

வண்டிக்கடைச் சரக்கில் ஐஎஸ்ஐ முத்திரை பெரும்பாலும் இருக்காது. 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டோர் பொம்மைகளுக்கு அது கட்டாயம். உங்கள் பிள்ளைகள் வாயில் வைக்கிற வயது இல்லை, ஆனாலும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் டைனோசரை எட்டாத இடத்தில் வையுங்கள்.

உறையூர்க்காரன்

அக்கா, அழிரப்பர் உதாரணத்தைப் படித்ததும் என் பழைய ஸ்கேலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். குழி அப்படியே இருக்கிறது. இத்தனை வருஷம் காரணம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

வல்லையூரான்

வணக்கம் தம்பி. கார் விசயம் நான் சொல்லுறன். நான் டொரண்டோவில இருக்கிறன். இங்க யூலை மாதத்துப் புழுக்கத்தில எனக்கும் உதே மாதிரி வெள்ளை படிஞ்சது. நீங்கள் ஐப்பசி மழைக்குள்ள அடிச்சிருப்பியள் எண்டு நினைக்கிறன். கரைப்பான் பறக்கேக்க மேற்பரப்பு குளிரும், காத்தில இருக்கிற ஈரம் அதில படியும், வார்னிஷ் மங்கிப்போகும். பயப்பிடாதேங்கோ, கீழ இருக்கிற பெயிண்ட் பழுதாகேல்லை. பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால மெல்லிசாப் பூசுங்கோ, கனக்க இடத்தில வெள்ளை அடங்கிவிடும். மழை விட்டு வெயில் எறிக்கிற நாளில மேட் வார்னிஷைத் திரும்பப் போடலாம். தூரிகையால பூசுற மேட் எண்டால் அந்தப் பயமும் இல்லை.

கார் பற்றி இன்னொரு கதை. உங்கட வீரர் என்ன உயரம்? 28 மிமீ விளையாட்டு எண்டால் பாதத்தில இருந்து கண் வரைக்கும் 28 மிமீ, நிஜ ஆளில கிட்டத்தட்ட 57-ல ஒரு பங்கு. தீப்பெட்டி அளவு கார் 64-ல ஒரு பங்கு எண்டு போட்டிருக்கும். கணக்குக்குச் சரிபோல இருக்கும், ஆனால் அடித்தட்டு மேல நிக்கிற வீரனுக்குப் பக்கத்தில வைச்சால் கதவு அவன்ர இடுப்புக்குத்தான் வரும். 43-ல ஒரு பங்கு கார்தான் கண்ணுக்குப் பொருந்தும். சின்னக் கார்தான் கையில இருக்கு எண்டால் அளவைக் காட்டிக்குடுக்கிற சாமானை எல்லாம் எடுத்துவிடுங்கோ: கதவுக் கைப்பிடி, பக்கக் கண்ணாடி, உள்ள தெரியிற இருக்கை. யன்னலை அடைச்சுக் கவசத் தகடு ஆக்கினால், அது ஆளில்லாமல் ஓடுற வண்டி.

ரோபோவுக்கு இதைத் திருப்பிச் செய்யுங்கோ. முகத்தை மூடிவிட்டு ஏணி ஒண்டு ஒட்டுங்கோ. நிஜ ஏணியில படிக்குப் படி ஒரு அடி, உங்கட அளவில அது 5 மிமீ. அந்த 5 மிமீ ஏணியைப் பாத்த உடனே அது ஆள் ஏறி ஓட்டுற பெரிய யந்திரம் எண்டு கண் நம்பும். நான் இதில கன நேரம் செலவழிப்பன், பெயிண்டைவிட இதுதான் எனக்குப் பெரிசு.

டைனோசரைக் கைவிடாதேங்கோ. 1970களில, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை உருவாக்கினவரில ஒராளான கேரி கைகாக்ஸ் தன்ர மேசை விளையாட்டுக்கு ஹாங்காங்கில செய்த மலிவு பிளாஸ்டிக் மிருகப் பை ஒண்டை வாங்கினவர். டைனோசர் எண்டு வித்ததுதான், ஆனால் எந்த டைனோசர் எண்டு சொல்லேலாத உருவங்கள். துருவை உண்டாக்கிற மிருகமும் ஆந்தைக்கரடியும் அதுக்குள்ள இருந்துதான் வந்தது. அம்பது வருசமாச் சனம் அதுகளோட சண்டை பிடிக்குது.

தூரிகைச் செல்வன்

அக்கா சொன்னதுதான் சரி, வெயில் யோசனையை விட்டுவிடுங்கள் ப்ரோ. தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். பெயிண்ட் அடிப்பதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் பையில் நாலு விதச் சரக்கு இருக்கிறது. ஒரே படையாகத் தெரிய வேண்டுமென்றால் நிறத்தைக் குறையுங்கள். ஒரு படைக்கு மூன்று நிறம், அதில் ஒன்று எல்லா உருவத்திலும் ஒரே இடத்தில், உதாரணமாக இடது தோளில். அடித்தட்டில் எல்லாருக்கும் ஒரே சலித்த ஆற்று மணல், விளிம்புக்கு ஒரே நிறம்.

முதல் நிறம் காய்ந்ததும் கறுப்பையும் பழுப்பையும் டீ டிகாஷன் பதத்துக்குக் கரைத்து, ஒரு சொட்டு பாத்திர லிக்விட் விட்டு மேலே ஓட விடுங்கள். பள்ளத்தில் தேங்கும். மேட்டில் தேங்குவதை ஈரப் பிரஷால் ஒற்றி எடுங்கள். அது நன்றாகக் காய்ந்தபின் வெளிர் நிறத்தைப் பிரஷில் தொட்டு, காகிதத்தில் துடையுங்கள். கோடு விழாத அளவுக்குத் துடைத்துவிட்டு, உருவத்தின் மேல் குறுக்காக வேகமாக உரசுங்கள். செதில், விரல், நரம்பு எல்லாம் அப்போதுதான் எழுந்து வரும். மலிவு டைனோசருக்கு இது ரொம்பப் பொருந்தும், அதன் தோல் முழுக்க மேடு பள்ளம்தானே.

ஒட்டு வேலைக்கு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். தீர்ந்த ரீஃபில் துப்பாக்கிக் குழல், மாத்திரை அட்டைக் குமிழ் விளக்கு, கிழிந்த கொசு வலை இன்ஜின் கிரில், ஈர்க்குச்சி ஆன்டெனா. இடைவெளி அடைக்க எம்சீல், விரலை நனைத்துக்கொண்டு தடவினால் கையில் ஒட்டாது.

உறையூர்க்காரன்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஒன்பது டைனோசரில் எட்டு இப்போது விரலில் ஒட்டவில்லை. ஸ்ப்ரே ரொம்பக் கனமாக விழுந்த ஒன்று மட்டும் தொடையிடுக்கில் இன்னும் லேசாகப் பிடிக்கிறது, அதற்கு இன்னொரு கோட் போட்டிருக்கிறேன். வீரர்களுக்கு ஃபெவிகால் வழியில் போனேன். மேஜையிலிருந்து ரெண்டு முறை விழுந்தும் பெயிண்ட் போகவில்லை. கார் வெள்ளை முக்கால்வாசி அடங்கிவிட்டது. மிச்சத்தைத் தூசி படிந்த செந்நிற மண் மாதிரி பெயிண்ட் பண்ணிவிட்டேன்.

ரோபோவுக்கு 5 மிமீ கணக்கில் ஈர்க்குச்சி ஏணி கட்டினேன் வல்லையூர் அண்ணா. ஏணி ஒட்டுவதற்கு முன்னால் அது பொம்மை. ஒட்டியபின் பக்கத்தில் ஒரு வீரனை நிறுத்திப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். போட்டோ அனுப்பினேன். பெரியவள் ரோபோ தன் கட்சி என்று இப்போதே சொல்லிவிட்டாள்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. ஏணியும் பீரங்கியும் ஏறினபின் ரோபோ முன்பக்கம் கவிழ்கிறது. காலை அகட்டி ஒட்டவா?

அச்சுப்பட்டறை அக்கா

காலில் கை வைக்காதீர்கள் தம்பி. அடித்தட்டுக்குக் கீழே, பின்பக்கமாகத் தள்ளி ரெண்டு இரும்பு வாஷரை எம்சீலில் பதித்துவிடுங்கள். ஹார்டுவேர் கடையில் எடைக்குத் தருவார்கள். ராத்திரி விட்டுக் காலையில் நிறுத்திப் பாருங்கள், போதாவிட்டால் மூன்றாவதைச் சேர்க்கலாம்.