வட்டாரத்தில நிக்கிற ஆளின்ட நடத்தையைப் பாக்கிறதா கட்சியைப் பாக்கிறதா? (திருகோணமலை, உப்புவெளிப் பக்கம்)

கோணமலைப் பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். போன வருசம் ஜனாதிபதிக்கும் பாராளுமன்றத்துக்கும் போட்டிட்டன், ஆனா உள்ளூராட்சிச் சபைக்கு வோட் போடுறது வாற 2025 மே 6 தான் முதல்தரம். எங்கட வட்டாரத்தில நிக்கிறவர் அப்பாட பழைய கூட்டாளி, வீட்டில வழமையா போடுற கட்சியில தான் நிக்கிறார். அவரைப் பற்றி ரெண்டு கதை இருக்கு. ஒண்டு, மனிசியை விட்டிட்டு டவுனுக்க வேறொரு ஆளோட இருக்கிறார், அது கோயில் வீதியில இருந்து மீன்வாடி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். மற்றது எங்கட வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சது. அவர் மரணாதார சங்கத்தில தனாதிகாரியா இருந்த நேரம் தான் அம்மம்மா செத்தவ, சங்க விதிப்படி பிரேதம் எடுக்க முதல் காசு தரவேணும், எங்களுக்கு அந்தியேட்டியும் முடிஞ்சாப் பிறகு தான் வந்தது, அதுவும் ரெண்டு துண்டா. அண்டைக்குப் பெட்டிக்கும் பந்தலுக்கும் குடுக்க அம்மா காப்பைக் கொண்டுபோய் அடகு வச்சவ. ஆனா பாருங்கோ அதே அம்மா தான் இப்ப சொல்லுறா காசு பிந்தினது பரவாயில்ல, மனிசியை விட்டவனுக்கு எப்பிடிப் போடுறது எண்டு. அப்பா ரெண்டையும் கதைக்க விடுறார் இல்ல. நீங்கள் எண்டால் எதைப் பாப்பீங்கள்? பேர் கேக்காதீங்க, சொல்ல மாட்டன்.

கணவாய்க்கறி:
ஆர் கொத்து பார்சல் தாறானோ அவனுக்குப் போடும் தம்பி, எல்லாம் ஒண்டு தான். 2023 மார்ச்சில சபை முடிஞ்சதில இருந்து எங்கட ஒழுங்கையில லைட் எரியேல்ல, கேக்கப் போனா உறுப்பினர் எண்டு ஒருத்தரும் இல்ல. கள்ளன் எண்டாலும் ஒருத்தன் வரட்டும், ஏசுறதுக்காவது ஆள் வேணுமே.

பழைய கிளாக்கர்:
கணவாய், பார்சல் குடுத்து வோட் கேக்கிறது சட்டப்படி குற்றம் ராசா, அதுக்காக வாங்கித் தின்னுறதும் தான்.

தம்பிக்குச் சொல்லுறன். நான் ஒரு சபையில 27 வருசம் கிளாக்கரா இருந்தனான், எந்தச் சபை எண்டு கேக்காதீங்க. சபையில என்ன வேலை எண்டு பாரும், குப்பை ரக்டர், தெரு லைட், வாய்க்கால், உள் றோட்டு, சந்தை, மயானம், கட்டட அனுமதி, எல்லாம் சின்னச் சின்ன பில். ஒருக்கா 100 பல்ப் வாங்கினதா பில் வந்தது, ஸ்டோர்ஸில போய் எண்ணினா 60. நானும் ஸ்டோர் கீப்பரும் நிலத்தில குந்தியிருந்து பெட்டி பெட்டியா நாலு தரம் எண்ணினம், 60 தான். அந்த பில்லைப் பாஸ் பண்ண ஆள் பிடிச்சுத் திரிஞ்சவர் ஊரில நல்ல மனிசன், பெண்சாதி பிள்ளையோட வெள்ளிக்கிழமை தவறாம பத்திரகாளி கோயிலுக்குப் போறவர். அதால எனக்கு உம்மட ரெண்டாவது கதை தான் பெரிசு.

இன்னொண்டு கனபேருக்கு விளங்கிறேல்ல. பாராளுமன்றத்துக்கு எண்டால் கட்சிக்குப் போட்டிட்டு அதுக்குள்ள பிடிச்ச மூண்டு பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். சபைக்கு அப்பிடி இல்ல, 2018 தேர்தலில இருந்து உறுப்பினர்களில 60 வீதம் வட்டாரத்தில வெண்டு வருவினம், 40 வீதம் கட்சிப் பட்டியலால வருவினம், போடுறது ஒரே ஒரு புள்ளடி, அது ஆளுக்கும் விழும் கட்சிக்கும் விழும். ஆளை விட்டிட்டுக் கட்சியை மட்டும் எடுக்க ஏலாது. அதுக்கு மேல, வட்டாரத்தில தோத்தாலும் கட்சி விரும்பினா பட்டியலுக்குள்ளால அவரை உள்ளுக்கு எடுக்கலாம்.

ஆள் முந்திச் சபையில இருந்தவர் எண்டால் தகவல் அறியும் சட்டத்தில அவர் கூட்டத்துக்கு வந்த வரவுப் பதிவு, கூட்டறிக்கை எல்லாம் கேக்கலாம், ஆனா பதிலுக்கு 14 வேலைநாள், இடையில புதுவருச லீவும் வருது, போடுறதெண்டால் இண்டைக்கே போடும். மரணாதார சங்கக் கணக்குக் கொப்பியை அங்கத்தவர் எண்டால் நேர போய்க் கேட்டுப் பாரும்.

உவர்மலை அக்கா:
கிளாக்கர் ஐயா சொன்னது சரி, ஆனா மனிசி விசயத்தை அப்பிடிச் சும்மா தள்ள ஏலாது. ரெண்டு பேருக்கும் ஒத்துவரேல்ல, பிரிஞ்சிட்டினம் எண்டால் அது அவையின்ட பாடு, கோயில் வீதியில நிண்டு கதைக்க ஒண்டுமில்ல. ஆனா அந்த மனிசிக்கும் பிள்ளையளுக்கும் தாபரிப்புக் காசு ஒழுங்கா போகுதோ? கை நீட்டினவரோ? அதைக் கேட்டுப் பாருங்கோ தம்பி. போன சபை நேரம் வாய்க்கால் அடைச்சு வீட்டுக்குள்ள தண்ணி வந்ததெண்டு ஒரு உறுப்பினரிட்ட போனன், எங்கட வீட்டுக்காரர் சும்மா பைக்கைப் பிடிச்சுக்கொண்டு வெளியில நிண்டவர். கதைச்சது முழுக்க நான், அந்த உறுப்பினர் மறுமொழி முழுக்க இவருக்குத் தான் சொல்லுறார், என்னை ஒருக்காக்கூட நிமிந்து பாக்கேல்ல! சபையில 25 வீதம் பெண்கள் எண்டு சட்டம் இருக்கு, ஆனா எங்கட வட்டாரத்துக்கு வந்து வாய்ச்சது அவர்.

கோணமலைப் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, தாபரிப்பு மாசாமாசம் போகுதாம், அடிச்ச கதையும் இல்ல, அந்த அன்ரியே அம்மாட்டச் சொன்னவ. அம்மாக்கு அதில கொஞ்சம் முகம் சுருங்கிட்டுது.

கொப்பி பாக்கத் தான் நேத்துச் சங்கச் செயலாளர் வீட்ட போனன். ஆள் கோவிக்கேல்ல, பழைய கொப்பியை அலுமாரிக்கு மேல இருந்து இறக்கித் தட்டித் தந்தவர். அம்மம்மாட பேருக்கு நேர முழுக்காசும் செத்தவீட்டண்டே குடுத்ததா கிடக்கு. கையெழுத்து அப்பாட, நீல மை. திகதி மட்டும் கறுப்பு மை, வேற ஆளின்ட எழுத்து.

போனில படம் எடுத்துக்கொண்டு வந்து அப்பாட்டக் காட்டினன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பாத்தார், கனநேரம் பாத்தார். "காசு பிறகு தாறன், இப்ப இதில ஒரு கையெழுத்தை வை எண்டவன், திகதி போடாம வச்சுக் குடுத்திட்டன்" எண்டு சொல்லிட்டு போனைத் திருப்பித் தந்தவர். பின்னேரம் அவற்ற ஆக்கள் நோட்டீசோட வந்தவை, வழமையா அப்பா கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி குடுக்கிறவர், நேத்து உள்ளுக்க இருந்து வரேல்ல. நான் தான் கேற்றடியில போய் வாங்கினன்.